செம்பாயி சொன்ன ஒரு சொல்

அந்தக் காலத்தில் காசுக்கு வாய் இருந்தது. கல் பேசியது, காக்கை பேசியது. ஊரெல்லாம் சுற்றி நாலு பேர் கையைப் பார்த்துவிட்டு வருகிற காசு மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் பேசியது. காலையில் சந்தைக்குப் போகும், உப்புக்கும் புளிக்கும் கை மாறும், பொழுது சாய்ந்ததும் உருண்டு உருண்டு தன் வீட்டுக்கே வந்து படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் பணக்காரன் என்று ஒருவன் கிடையாது. சேர்த்து வைத்து எண்ணிப் பார்க்கலாம் என்று அவன் சம்மணம் போட்டு உட்காருவதற்குள் காசெல்லாம் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும்.

காசுகள் குடியிருந்த ஊருக்குக் காசுப்பாளையம் என்று பெயர். வீடுகள் எல்லாம் மண் உண்டியல்கள். வாசல் ஒரு கீறல் அகலம்தான் இருக்கும். பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த ஊரின் முதல் உண்டியலில் செம்பாயி இருந்தாள்.

செம்பாயி அசல் செம்பு. தடித்த உடம்பு, வட்ட முகம், கணீரென்ற குரல். அந்தக் குரல்தான் அவளுடைய சொத்து. ஏனென்றால் சந்தையில் ஒரு காசை வாங்குவதற்கு முன்னால் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டிப் பார்ப்பார்கள். சுண்டியதும் காசு தன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் செல்லும், சொல்லாவிட்டால் கள்ளக்காசு. செம்பாயியைச் சுண்டினால் "செம்பாயி!" என்கிற சத்தம் மாட்டுத்தாவணி வரைக்கும் கேட்கும். உப்புக்காரி பேச்சி சொல்வாள், "இவளச் சுண்டவே வேண்டாம், லேசாத் தொட்டாலே பேரு ஊரு எல்லாம் ஒப்பிச்சிருவா" என்று.

எல்லாக் காசுக்கும் போல அவளுக்கும் ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் பூ. புருஷன் கோயில் மணிக்காக உருகிப் போன நாளிலிருந்து அவள் பூப்பக்கத்தைக் கீழே வைத்தே படுத்தாள், கீழே வைத்தே உட்கார்ந்தாள். ஊர் பார்த்ததெல்லாம் விறைத்த தலைப்பக்கத்தைத்தான். பூப்பக்கம் எப்படி இருக்கும் என்று அப்போதைக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் அவளுடைய மகன், செம்புலிங்கம்.

அந்தச் சமயத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. குடத்துக்குச் செம்பு வேண்டும், குத்துவிளக்குக்கு வேண்டும், மணிக்கு வேண்டும். காசு அடிக்க மிஞ்சவில்லை. காசு அடிக்கும் பட்டறை வைத்திருந்த வேலாண்டி ஆசாரி மலைமேல் ஏறி, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வெள்ளை உலோகத்தைச் சுமந்துகொண்டு வந்தார். அதில் முதல் காசாக வெள்ளையம்மாவை வார்த்தார். கண் தெரியாதவர்களும் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கட்டும் என்று அவளுக்குச் சுற்றிலும் மூலைகள் வைத்தார். அழகாகத்தான் இருந்தாள். குரல் மட்டும் தணிவு. சுண்டினால், பக்கத்தில் இருப்பவர்கள் தலையைக் குனிந்து கேட்க வேண்டும்.

செம்புலிங்கம் குனிந்து கேட்டான். கேட்டவன் நிமிரவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்துவிட்டது.

மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை என்பார்கள். செம்பாயி வீட்டிலும் அதே பாட்டுதான். "இது என்ன நெறம், சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி?" என்பாள். "வட்டமா இருந்தா உருண்டு வரலாம். இவ மூல மூலையா இடிச்சுக்கிட்டு வாரா" என்பாள். வெள்ளையம்மா எதிர்த்துப் பேசுவதில்லை. தினமும் விடிந்ததும் புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து, மாமியார் முதுகில் பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பைத் தேய்த்து எடுப்பாள். செம்பு அல்லவா, ஒரு நாள் விட்டாலும் களிம்பு ஏறும்.

"அழுத்தித் தேய்க்காதட்டி, என் முகமே அழிஞ்சிரும் போலருக்கு."

"சரி அத்தே."

"என்ன இது, தடவிக் குடுக்கியா? சோறு திங்கலையா நீ?"

"சரி அத்தே."

இப்படி எதற்கும் சரி என்று சொல்கிறவளோடு எவ்வளவு நாள்தான் சண்டை போட முடியும்? செம்பாயிக்கு அதிலும் ஒரு எரிச்சல். ஆனால் புளிபோட்டுத் தேய்த்த பிறகு வெயிலில் நிற்கும்போது உடம்பு தகதகவென்று இருக்கும். அப்போது அவள் தெருவில் இரண்டு தடவை சும்மா போய்விட்டு வருவாள்.

அந்த வருஷம் மழை இல்லை. மேற்கே கரிசல் காட்டில் கிணறெல்லாம் வற்றி, நெடுந்தூரம் நடந்து தண்ணீர் சுமக்கக் குடம் கூட இல்லாமல் சனங்கள் தவிக்கிறார்கள் என்று சேதி வந்தது. சேதி கொண்டுவந்தவர் பக்கத்து உண்டியல் தக்கைராசு. அவர் அலுமினியக் காசு. எடையே கிடையாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துச் சேதியோடு வந்து இறங்குவார். தண்ணீரில் போட்டால் மிதப்பார். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

சேதி கேட்ட அன்றைக்கே ஊரில் இருந்த இளவட்டச் செம்புக்காசுகள் எல்லாம் ஆசாரியின் பட்டறைக்குப் போய், எங்களை உருக்கிக் குடமாக்குங்கள் என்று நின்றன. செம்புலிங்கம் முன்னால் நின்றான். செம்பாயி அவனைத் தடுக்கவில்லை. தண்ணீருக்குப் போகிறவனை எந்தத் தாய் தடுப்பாள்? உலையில் இறங்குவதற்கு முன்னால் அவன் அம்மாவைக் கும்பிட்டான். பெண்டாட்டியோடு தனியாக ஏதோ பேசினான். அப்புறம் ஒரு பெரிய குடமாக, வண்டியில் ஏறி, மேற்கே போய்விட்டான்.

அழுகை வராதவர்களுக்குக் கோபம் வரும். செம்பாயிக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? மழை மேல் கோபப்பட்டால் மழைக்குத் தெரியவா போகிறது? கைக்கு எட்டுகிற தூரத்தில் மருமகள்தான் இருந்தாள்.

அடுத்த சந்தையில் அது நடந்தது. யாரோ ஒரு வண்டிக்காரர் கையிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒன்றாக உப்புக்காரி பேச்சியின் கைக்கு வந்தார்கள். பேச்சி வெள்ளையம்மாவைச் சுண்டினாள். புருஷன் போன துக்கத்தில் அவளுடைய தணிந்த குரல் இன்னும் தணிந்திருந்தது. பெயர் உதட்டோடு நின்றுவிட்டது.

பேச்சி மறுபடி சுண்டினாள். காதருகே வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் கேக்கலியே. ஏ செம்பாயி, இது உன் மருமகதான? நீயே சொல்லு. இது செல்லுமா, செல்லாதா?"

செம்பாயி அந்த நிமிஷத்தில் மகன் ஏறிப்போன வண்டியை நினைத்துக்கொண்டிருந்தாள். இவள் வந்த நேரம்தான் எல்லாம் என்று மனசுக்குள் ஒரு தணல் கிடந்தது. யோசிக்காமல், அந்தக் கணீர்க் குரலில், "செல்லாது!" என்றாள்.

சந்தை திரும்பிப் பார்த்தது. கத்தரிக்காய்க்காரன் கையை இழுத்துக்கொண்டான். வெற்றிலைக்காரி மடியை மூடிக்கொண்டாள். "மூல வச்ச காசு செல்லாதாம்" என்று ஒருத்தன் சொல்ல, "ராசாவே சொல்லிட்டாராம்" என்று அடுத்தவன் சேர்த்துக்கொள்ள, சொல் சந்தையைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. வெள்ளையம்மா மாமியாரை ஒரு தடவை பார்த்தாள்.

செம்பாயிக்கு அப்போதே நெஞ்சு சுருக்கென்றது. "அட, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், செல்லும் செல்லும்!" என்று கத்தினாள். பேச்சி சிரித்தாள். "வீட்டுச் சண்டைய வெளிய சொல்லிட்டமேன்னு பூசி மெழுகுதா பாரு" என்றாள். மாமியார் மருமகளைக் குறை சொன்னால் ஊர் உடனே நம்பும். நல்லது சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை. அதற்கடுத்த சந்தையிலும் செம்பாயி தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். கூட்டம் அவளுடைய பரிதாபத்தைப் பார்த்ததே தவிர, வெள்ளையம்மாவைக் கையில் வாங்கவில்லை.

ஒரு நாள் பறையறைந்து ராசாவின் உத்தரவு வந்தது. ஆடி மாதக் கடைசிச் சந்தைக்குள் சுண்டும்போது குரல் கொடுத்து ஒரு கையிலாவது செல்லாத காசு எதுவோ, அதை உலையில் போட்டுச் சவரக்கத்தியாக அடிக்க வேண்டும் என்று. அந்த ஊரில் அப்படி இருந்தது வெள்ளையம்மா ஒருத்திதான்.

கடைசிச் சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம். செம்பாயி வீட்டுக்குள் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கவில்லை. வாசல் கீறலுக்கு வெளியே வெள்ளையம்மாவும் தக்கைராசுவும் பேசிக்கொண்டிருப்பது அவள் காதில் விழுந்தது.

"புளி கரைச்சு ரெண்டு சட்டியில வச்சிருக்கேன் சித்தப்பா" என்றாள் வெள்ளையம்மா. "தீந்துபோனா பரண்ல கோதெடுத்த புளி இருக்கு. விடிஞ்சதும் அத்தைக்குத் தேச்சு விடணும். மொதல்ல திட்டுவாவ. கண்டுக்காதீய. முதுகுல நடுவுல மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கணும், அங்கனதான் களிம்பு சீக்கிரம் ஏறும். காதுப்பக்கம் மெதுவா."

தக்கைராசு குரலைத் தணித்துக் கேட்டார். "ஏ புள்ள, உன்ன இந்தக் கதிக்கு ஆளாக்கினதே அவதான. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு எதுக்கு இவ்வளவு?"

"மகன் போன வருத்தத்துல சொன்னாவ. அந்த வருத்தம் எனக்குந்தான இருக்கு. நானும் கூட வாரேன்னு அவுகட்ட சொன்னேன். அவுக சொன்னாவ, நீயும் வந்துட்டா எங்கம்மா முதுக யாரு தேய்ப்பான்னு. அதுக்குத்தான் நின்னேன். இப்ப அதுவும் முடியாமப் போச்சு."

உள்ளே செம்பாயி அசையாமல் கிடந்தாள். அவளுக்கு அப்போது அழுகை வந்தது. மகன் போன அன்றைக்கு வராத அழுகை, புருஷன் மணியாகிப் போன அன்றைக்கு வராத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று வாயை மண்ணில் அழுத்திக்கொண்டாள்.

விடிந்ததும் வெள்ளையம்மா புளிச்சட்டியோடு வந்தாள். செம்பாயி அதைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குத் தேச்சது போதும். நீ வா. ஆசாரிகிட்டப் போயி உன் மூஞ்சியக் கொஞ்சம் மெருகு போட்டுக்கிட்டுச் சந்தைக்குப் போகலாம். இந்த லட்சணத்தோட போனா எவன் வாங்குவான்?"

"சரி அத்தே" என்றாள் வெள்ளையம்மா.

பட்டறையில் ஆசாரி அவளைப் பட்டடைக்கல்லில் படுக்கவைத்து, மெருகுப் பொடி கண்ணில் விழும் என்று சொல்லி, ஒரு ஈரத்துணியால் முகத்தை மூடினார். அப்புறம் செம்பாயி அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆசாரியாரே, காசோட குரல் எங்கன இருக்கு?"

"நட்ட நடு நெஞ்சுல. ஏன் கேக்க?"

"அத வெட்டி எடுத்து அவ நெஞ்சுல வையி."

ஆசாரிக்குக் கையிலிருந்த சுத்தியல் கீழே இறங்கிவிட்டது. "ஏ செம்பாயி, புத்தி கெட்டுப் போச்சா? அதக் குடுத்தா நீ ஊமை. நடுவுல ஓட்டை. ஓட்டைக்காச எவன் வாங்குவான்? அவளுக்குப் பதிலா நீ உலைக்குப் போகணும்."

"நான் போனா என்ன? நான் செம்பு. உருக்கினா குடமாவேன், விளக்காவேன், எம்மவன் பக்கத்துல போயி இருப்பேன். அவ போனா கத்தியாவா. ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத் தெரியாத புள்ள, கன்னத்தக் கீறுத கத்தியா ஆகணுமா?" செம்பாயி அவர் பக்கம் நகர்ந்தாள். "செல்லாதுன்னு சொன்னது இந்தக் குரலுதான். அது எங்கிட்ட இருந்து இனி என்னத்துக்கு? அவகிட்டயே இருக்கட்டும்."

"அவ நெஞ்சையும் எடுத்தாத்தான் உன் நெஞ்சு உக்காரும்."

"எடு. வலிக்காம எடு. காதுப்பக்கம் மெதுவா."

ஆசாரி அவள் முகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அவர் கையால் பிறந்தவள்தான் அவள். அப்புறம் உளியை எடுத்தார்.

புருஷன் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் முதலாக செம்பாயி பூப்பக்கத்தை மேலே காட்டிப் படுத்தாள். உளி விழுந்தது. ஒரு சின்னச் செம்புவட்டம் கழன்று ஆசாரியின் உள்ளங்கையில் வந்து சூடாகக் கிடந்தது. வெட்டுப்பட்ட விளிம்பில் எரிச்சல் தெரியாமலிருக்க அந்த வட்டத்தின் மேல் அவர் மஞ்சளை அரைத்துப் பூசினார். அதை எடுத்துக்கொண்டு போய் வெள்ளையம்மாவின் நெஞ்சில் வைத்து, ஒரே தட்டுத் தட்டினார். அவள் நெஞ்சிலிருந்து கழன்ற வெள்ளைவட்டத்தை ஒரு துணியில் முடிந்து அவளிடமே கொடுத்தார்.

"சந்தைக்குப் போ தாயி. கேள்வியெல்லாம் அப்புறம்."

அத்தை எங்கே என்று வெள்ளையம்மா கண்ணாலேயே கேட்டாள்.

"வீட்டுக்குப் போயிட்டா. நீ போ."

செம்பாயி வீட்டுக்குத்தான் போனாள். ஓட்டை வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருந்தது. வாய் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் இந்தத் தெருவையே நடுங்கவைத்த வாய், மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லாமல் இருந்தது. வாசல் கீறலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சந்தைப்பக்கம் நிழல் சுருங்கி, திரும்பவும் நீண்டது.

கடைசியில் கீழ்க்காற்று அடித்தது. தக்கைராசு வாசலில் வந்து விழுந்தார்.

"மைனி! மைனி! சந்தையில என்ன நடந்துது தெரியுமா?"

செம்பாயி எழுந்துவிட்டாள்.

"இரு, மூச்சு வாங்கிக்கிடுதேன். காத்துன்னா காத்து, இப்படி ஒரு காத்து நான் பாத்ததில்ல. தூக்கிக்கிட்டுப் போயி ஒரு எருமை மேல போட்டுது பாரு. அந்த எருமை யாருதுன்னா, நம்ம வடக்குத் தெரு…"

சொல்லித் தொலையும் என்று கத்த வேண்டும் போலிருந்தது செம்பாயிக்கு. கத்த முடியவில்லை. வாய் இருந்த காலத்தில் அவர் இவ்வளவு நேரம் பேசியே இருக்க மாட்டார். அவள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உருண்டாள். தக்கைராசு கவனிக்கவில்லை, எருமையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வந்தார்.

"உன் மருமக வந்தா. பேச்சி முன்னால நின்னா. பேச்சி, உன்னத்தான் செல்லாதுன்னு சொல்லியாச்சே, பெறகு என்னன்னு கேட்டா. ராசாவோட ஆளு சாக்கோட நிக்கான். எனக்குக் கண்ணுல தண்ணி. சரி, கடைசியா ஒரு தடவ சுண்டிப் பாத்திருவோம்னு பேச்சி சுண்டினா பாரு…"

அவர் மறுபடி மூச்சு வாங்கினார். செம்பாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, அது அவ குரலே இல்ல. உன் குரலு! சந்தையே அதிர்ந்துபோச்சு. பேரு சொல்லல அது. 'செல்லும்! எம்மருமக செல்லும்!'ன்னுது. பேச்சி அவளக் காதுகிட்ட வச்சுக்கிட்டா. இது செம்பாயி குரலுல்லா, வேற ஒருத்தி நெஞ்சுல இருந்து வருதேன்னா. அப்பத்தான் எல்லாரும் பாத்தாங்க, வெள்ளை உடம்புக்கு நடுவுல மஞ்சளா ஒரு வட்டம். நெஞ்சையே குடுத்தவ பொய் சொல்லுவாளான்னு பேச்சி அழுதுக்கிட்டே ஒரு படி உப்ப அளந்து போட்டா. மைனி, செல்லிட்டா! உன் மருமக செல்லிட்டா!"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து செம்பாயியை நன்றாகப் பார்த்தார். அவளுடைய நடுவில் இருந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. தக்கைராசு பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வெள்ளையம்மா வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூலை மூலையாக இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே வந்ததும் மாமியாரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். வாயைத் திறந்து "அத்தே" என்றாள். வெறும் தட்டையான ஒரு சத்தம்தான் வந்தது, ஓட்டைச் சட்டியைத் தட்டுவது போல. செம்பாயியின் குரல் அவள் உடம்பில் முழுசாக ஒலித்தது சந்தையில் சுண்டிய அந்த ஒரு தடவைதான். இனி அவளுக்கும் பழைய குரல் இல்லை.

அவள் துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய சொந்த நெஞ்சு, வெள்ளை வட்டமாக, இன்னும் பளபளப்பாக இருந்தது. அதை எடுத்து மாமியாரின் ஓட்டையில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. ஒரே உளிதானே இரண்டு பேரையும் வெட்டியது. செம்பாயி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வெள்ளையம்மா முதல் முறையாக மாமியார் சொல்லைக் கேட்கவில்லை. அழுத்திப் பொருத்தினாள். விளிம்பில் கசிந்த புண்ணைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் மஞ்சளை அரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

செம்பாயி நகர்ந்தாள். புருஷன் போனதிலிருந்து மஞ்சளைத் தொடாதவள் அவள். வெள்ளையம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புண்ணில் பூசினாள். புண்ணைச் சுற்றிப் பூசினாள். கை நிற்கவில்லை, முகம், முதுகு, விளிம்பு என்று உடம்பு முழுக்கப் பூசினாள், காதுப்பக்கம் மட்டும் மெதுவாக. சிவப்பாக இருந்த செம்பாயி, கல்யாணப் பெண்போல மஞ்சளாகிப்போனாள். பிறகு எவ்வளவு கழுவியும் அந்த நிறம் போகவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் வெள்ளையம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் அசைந்தது. அழுத்தித் தேய்க்காதட்டி என்று ஒரு வசவாவது வைக்க மாட்டீர்களா என்று கேட்க நினைத்தாள். சத்தம் வரவில்லை. செம்பாயிக்கும் சொல்ல இருந்தது, எவ்வளவோ இருந்தது. சொல்ல முடியாமல் மருமகள் பக்கம் சாய்ந்தாள்.

விளிம்பும் விளிம்பும் தொட்டன. 'சலங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் திடுக்கிட்டு விலகினார்கள். சத்தம் நின்றது. மறுபடி தொட்டார்கள். மறுபடி கேட்டது. இவள் குரல் அவளிடம், அவள் குரல் இவளிடம். தனித்தனியே இருந்தால் இரண்டும் ஊமை. ஒட்டினால்தான் பேச்சு. அதைப் புரிந்துகொண்டதும் அவர்கள் விடவில்லை. விடியும்வரை அந்த உண்டியலில் ஒரே சலசலப்பு. தெருவில் யாருக்கும் தூக்கம் இல்லை. பாதி வசவு, பாதி அழுகை, கொஞ்சம் சிரிப்பு என்று தக்கைராசு அர்த்தம் சொன்னார்.

அடுத்த சந்தைக்கு அவர்கள் ஒரே மடியில் சேர்ந்து போனார்கள். பேச்சி ஒருத்தியைச் சுண்டினாள், தட்டையாக இருந்தது. இரண்டு பேரையும் உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினாள், சலங் என்றது. "சேர்ந்து வந்தா ரெண்டும் செல்லும்" என்று சொல்லிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். சாக்கோடு வந்த ராசாவின் ஆள் வெறும் சாக்கோடு திரும்பினான். இந்தக் கதையைக் கேட்ட மற்றக் காசுகளும் வெட்கப்பட்டு, தனியாக இருக்கும்போது வாயை மூடிக்கொண்டன.

இப்போது கையில் பத்து ரூபாய்க் காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் மஞ்சளாக இருப்பது செம்பாயி. நடுவில் வெள்ளையாக இருப்பது மருமகள் நெஞ்சு. இருபது ரூபாய்க் காசு கிடைத்தால் அதையும் பாருங்கள். மூலை மூலையாக, வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸிலோ பெட்டிக்கடையிலோ யாராவது அந்தக் காசைத் தள்ளி, "இது செல்லாதுங்க" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். செம்பாயி அன்றைக்கு வாய் தவறிச் சொன்ன சொல் இன்னும் போய்ச் சேராமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. செல்லும் என்று பக்குவமாகச் சொல்லி, மறுபடி அவர் கையில் வையுங்கள். நெஞ்சைக் கொடுத்துச் சொன்ன சொல் அதுதான்.

அன்று முதல்தான் ஒற்றைக் காசு சட்டைப்பையில் ஊமையாகக் கிடக்கிறது. பக்கத்தில் இன்னொன்று வந்து சேர்ந்துவிட்டால், அழுத்தித் தேய்க்காதட்டி என்று ஒன்று தொடங்க, சரி அத்தே என்று மற்றது சொல்ல, வழிநெடுக இரண்டும் பேசிக்கொண்டே வருகின்றன.